கவிநிலாவின் பையில்

திருவண்ணாமலை
5.7.2025, சனிக்கிழமை

அண்ணிக்கு,

வினோதினி எழுதுவது. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் கோதண்டராமன் அண்ணன், "எதுவா இருந்தாலும் எழுதி பாப்பா பையில வெச்சுடுங்கம்மா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் காதுதான் கிழியுது"ன்னு சொல்லிவிட்டார். நல்ல யோசனைதான். பேப்பரில் கத்த முடியாது.

கவிநிலாவை அனுப்பி வைத்ததற்கு நன்றி. ஊசியா, மாத்திரையா, பாப்பாவுக்கு என்ன வைத்தியம் என்று அண்ணன் மூலமாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் மாடி அறை. நான் காய் நறுக்குகிற ஓட்டலுக்குப் பக்கத்துச் சந்துதான். தரையில் பாய், ஒரு கூடை நிறைய பொம்மை, மரக்கட்டை, துணித்துண்டுகள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட சின்னப் பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் அங்கே வருகிறார்கள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே உட்கார வேண்டும், அதுதான் அங்கே முறை. ஆர்த்தி மேடம் என்று ஒருவர் கூட இருப்பார். "சின்னப் பசங்க வாயால சொல்லாது, விளையாட்டுல சொல்லும். நீங்க அவசரப்படாதீங்க" என்றார்.

பாப்பா ஒரு மணி நேரமும் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் பந்தை உருட்டினேன். அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

உங்கள் தம்பி கரண்டில் போய் ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த மாதமே, மிக்ஸி சுவிட்சைத் தொடப் போனாள் என்று நான் அவளை அறைந்தேன். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவளுக்கு உங்கள் இடுப்புதான் பத்திரம். ஆனால் அவள் எனக்குத் திரும்ப வேண்டும் அண்ணி. அதற்காகத்தான் இதெல்லாம்.

அப்பாவுடைய பொருள் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். அவருடைய சிவப்புக் கரைத் துண்டு கிடைத்தால் பையில் வைத்து அனுப்புங்கள்.

வினோதினி

*

கீழ்பென்னாத்தூர்
11.7.2025

வினோதினிக்கு,

சரசு எழுதுவது. விளையாட்டுதான் வைத்தியம் என்றால் எங்கள் தெருவில் மண் இல்லையா, கோழி இல்லையா? இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த்தான் பொம்மை வைத்து விளையாட வேண்டுமா? இருந்தாலும் அனுப்புகிறேன். நாளைக்கு யாரும் வந்து, சரசு பெத்தவளையும் பிள்ளையையும் பிரித்துவிட்டாள் என்று பேசக் கூடாது.

ஊரில் நான் எதையும் கட்டிவிடவில்லை. காரியத்துக்கு வந்த சனம் முன்னாடி அவளே சொன்னாள். "அம்மா அப்பாவ மட்டையால அடிச்சிச்சு. அப்பா படுத்துக்கினாரு." அத்தனை பேரும் கேட்டார்கள். என் தம்பி நெற்றியில் காயம் இருந்தது. நானே குளிப்பாட்டினேன், நானே பார்த்தேன். நாலு வயசுப் பிள்ளை பொய் சொல்லுமா? உன்னை எத்தனை முறை கேட்டேன். ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தாய். பதில் இருக்கிறவள் சொல்லியிருப்பாள்.

துண்டு கேட்டிருந்தாய். அதெல்லாம் காரியத்தோடு போய்விட்டது. இனிமேல் அதைக் கேட்காதே.

அவளுக்கு சப்பாத்தி கொடுக்காதே, மெல்லாமல் துப்பிவிடுகிறாள். தோசை என்றால் ஒன்றரை சாப்பிடுவாள். மருதாணி வைத்துவிட்டிருக்கிறேன். அழித்துவிடாதே.

சரசு

*

திருவண்ணாமலை
19.7.2025

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதற்கு இன்று பதில் எழுதுகிறேன். போலீஸ் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். உங்களிடம் அதுகூட முடியவில்லை. போன வாரம்தான் ஆர்த்தி மேடமிடம் முதல்முறையாக வாயைத் திறந்தேன்.

அன்று காலை எட்டு மணி இருக்கும். அவர் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான போர்க் கிணற்றுப் பக்கம் மோட்டார் கேபிள் ஜாயிண்ட் போடப் போயிருந்தார். நான் கூழை எடுத்துக்கொண்டு பாப்பாவோடு போனேன். தென்னை வரிசையைத் தாண்டும்போதே பார்த்துவிட்டேன். குந்தியிருந்தவர் குந்தியபடியே உதறிக்கொண்டிருந்தார். கை ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாப்பா "அப்பா"ன்னு ஓடினாள். அவளைப் பின்னாலிருந்து இழுத்து வரப்பில் தள்ளினேன். முழங்கை தேய்ந்ததைப் பிறகு நீங்கள்தான் காட்டினீர்கள்.

கரண்டு பிடித்தவரைக் கையால் தொடக் கூடாது, காய்ந்த கட்டையால் தட்டிவிட வேண்டும் என்று நம் எல்லோருக்குமே சின்ன வயசில் சொல்லித் தந்திருக்கிறார்கள். காய்ந்த தென்னை மட்டை ஒன்று கிடந்தது. எடுத்து அவர் கையில் அடித்தேன். விடவில்லை. தோளில் அடித்தேன். விடவில்லை. எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. ஓர் அடி நெற்றியில் பட்டது. "வுடுங்க, வுடுங்க"ன்னு கத்திக்கொண்டே அடித்தேன். ஒயரிடம் கத்தினேனா, அவரிடம் கத்தினேனா, இன்று வரைக்கும் புரியவில்லை. அதற்குள் நீங்கள் மோட்டார் ரூமுக்கு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினீர்கள். அப்போதுதான் அவர் சாய்ந்தார்.

பாப்பா பார்த்தது இவ்வளவுதான்: அம்மா அடித்தாள், அப்பா விழுந்தார். கரண்டு கண்ணுக்குத் தெரியாதே அண்ணி. அவள் பார்த்ததைச் சொன்னாள். பொய் சொல்லவில்லை. நான்தான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே சந்தேகம் இருந்தது. முதல் அடியை இன்னும் சரியாக அடித்திருந்தால் கை விட்டிருக்குமோ என்று தினமும் நினைக்கிறேன்.

இன்று பாப்பா கதவை விட்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மருதாணியை அழிக்கவில்லை.

வினோதினி

*

கீழ்பென்னாத்தூர்
9.8.2025

வினோதினிக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை. நேரம் இல்லை என்று சொன்னால் அது பொய். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு அரிசி டின்னில் போட்டு மூடிவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஊரில் உன்னைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இனிமேல் நான் சும்மா இருக்க மாட்டேன். போன வாரம் பக்கத்து வீட்டுத் திரௌபதி வாயைத் திறந்தாள். "உன் வூட்டு வேலயப் பாரு"ன்னு சொல்லிவிட்டேன்.

கவிநிலா இப்போது ஒன்று செய்கிறாள். தோசைத் திருப்பியை எடுத்துத் தலையணையைத் தட்டுகிறாள். தட்டிவிட்டு, "எழுந்திரு, எழுந்திரு" என்கிறாள். முதலில் வெறுமனே அடிப்பாள். இந்த "எழுந்திரு" புதிது. நான் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பௌர்ணமிக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க முடியாது. அதனால் அவர் பைக்கில் கூட்டி வருகிறார். வெயிலில் வந்திருப்பாள், தண்ணீர் கொடு. நீயும் சாப்பிடு. இளைத்துவிட்டாய் என்று அவர் சொன்னார்.

சரசு

*

திருவண்ணாமலை
23.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று பாப்பா என் மடியில் உட்கார்ந்தாள். அவளாகவே வந்தாள். முதலில் ஒரு காலை மட்டும் என் முட்டி மேல் போட்டாள், நான் மூச்சுகூட விடவில்லை. பிறகு முழுசாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்த நாளை அவளுக்குப் புரிகிற மாதிரி நானே சொல்ல வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். பொம்மைகளை வைத்துச் சொன்னேன். ஒயரில் பொல்லாத கரண்டு இருந்தது, அது அப்பாவைப் பிடித்துக்கொண்டது, அம்மா அப்பாவை அடிக்கவில்லை, கரண்டிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அவள் என் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு அவள் விளையாடினாள். ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்து, "இது மோட்டார் ரூம்" என்றாள். கூடையைத் தேடி ஒரு சிவப்புத் துணியை எடுத்து அதன்மேல் போட்டாள். "அப்பா துண்டு கட்டுனாரு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லைனில் வேலை செய்யும்போது மெயின் கைப்பிடியில் துண்டைக் கட்டுவது அவர் வழக்கம். யாரும் போடக் கூடாது என்பதற்கு அதுதானே நம் நிலத்தில் அடையாளம். அன்று அவர் மெயினை இறக்க மறந்துவிட்டார் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? நானும் அப்படித்தான் நம்பினேன். துண்டு கட்டியிருந்தால், இறக்கித்தானே கட்டியிருப்பார்?

அவள் கேட்டாள்: "கரண்ட யாரும்மா போட்டாங்க?" தானாக வந்தது என்று சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு பொம்மையை எடுத்துத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். யார் என்று கேட்டால் சொல்லவில்லை.

உங்களுக்கு ஏதாவது தெரியுமா அண்ணி? அன்று அந்தப் பக்கம் யாரையாவது பார்த்தீர்களா? நீங்கள்தானே மெயினை இறக்கினீர்கள்? அப்போது துண்டு அங்கே இருந்ததா?

வினோ

*

கீழ்பென்னாத்தூர்
29.8.2025

வினோதினிக்கு,

போதும். குழந்தைக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு அங்கே போலீஸ் விசாரணை நடக்கிறதா? தீப்பெட்டியாம், துணியாம். நாலு வயசுப் பிள்ளை எதையோ எடுத்து எதன்மேலோ போட்டால் அதற்கு ஓர் அர்த்தமா? செத்தவன் செத்துவிட்டான். மோட்டாருக்கு வருகிற மூணு பேஸ் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு ஓடிப்போய் மெயினை இறக்கினேனே, அது தப்பா? நான் இறக்காமல் இருந்திருந்தால் நீயும் போயிருப்பாய் என்று ஊரே சொன்னது.

அவளுக்குச் சளி. நாளைக்கு அனுப்ப முடியாது. அடுத்த வாரமும் பார்க்கலாம். மல்லாட்டை பிடுங்க ஆள் வருகிறார்கள், கடலையை மண்ணில் விட முடியாது, அவருக்கு அலைய நேரம் இல்லை. இதை அவர் ஓட்டலில் கொடுத்துவிட்டு வருவார்.

சரசு

*

திருவண்ணாமலை
13.9.2025

அண்ணிக்கு,

மூன்று சனிக்கிழமையாக பாப்பா வரவில்லை. நான் மட்டும் அந்த மாடி அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். போகாமல் இருந்தால் நானும் நிறுத்திவிடுவேனோ என்று பயம்.

உங்களுக்குக் கோபம் வரும்படி என்ன கேட்டுவிட்டேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நான் யார்மேலும் பழி போட வரவில்லை. பழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பெத்த பிள்ளை பயந்து ஒதுங்குகிற அளவுக்கு அதைச் சுமந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பாவிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது என்றார் மேடம். பொய் சொன்னால், அவள் கண்ணால் பார்த்ததை அவளே நம்ப மாட்டாளாம். அவள் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தால் அவளுக்காகச் சொல்லட்டும். எனக்காக வேண்டாம்.

அவள் மடியில் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள். அது மறந்துபோவதற்குள் அனுப்புங்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். சந்தைக்கு வந்த அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வினோதினி

*

கீழ்பென்னாத்தூர்
19.9.2025

வினோ,

நாளைக்கு கவிநிலா வருவாள். பையின் அடியில் துண்டு இருக்கிறது. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு இதைப் படி.

அந்த வாரம் எங்கள் பக்கம் தண்ணீர் கம்மியாக வந்தது. முதல் நாள் சாயங்காலம் தம்பி திருமலையிடம் கத்தினேன். "உன் மொறைக்கு மட்டும் பீச்சி அடிக்குது, என் மொறைக்கு ஒழுகுது"ன்னு. ஜாயிண்ட்டில்தான் கோளாறு, காலையில் சரி பண்ணித் தருகிறேன் என்றான். எனக்காகத்தான் போனான்.

காலையில் மூணு பேஸ் வந்துவிட்டது. என் முறை. மோட்டார் ரூமுக்குப் போனேன். மெயின் இறங்கியிருந்தது. கைப்பிடியில் துண்டு இருந்தது. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். ஆனால் இரண்டு நாள் முன்னாடி இதே மாதிரி துண்டைக் கட்டிவிட்டு மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். நான் அரை மணி நேரம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போய், கரண்டும் போய்விட்டது. அன்றைக்கும் அப்படித்தான், தடியன் மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை. தென்னைக்கு அந்தப் பக்கம்தானே இருந்தான். கூப்பிடவில்லை.

துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மெயினை ஏற்றினேன். மோட்டாரின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீருக்கு நின்றேன். தண்ணீர் வரவில்லை. உன் சத்தம்தான் வந்தது.

பிறகு ஓடிப்போய் இறக்கினேன். அதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். சமயத்தில் மெயினை இறக்கினாள் என்று பாராட்டினார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை. காரியத்தன்று பாப்பா "அம்மா அடிச்சிச்சு" என்றாள். வினோ, அப்போது எனக்கு மூச்சு வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்னை ஏமாற்றிக்கொள்ள எனக்கு ஒரு பிள்ளையின் வாய் கிடைத்தது. நீ அவள் கன்னத்தில் அறைந்ததை அதன்மேல் சேர்த்துக்கொண்டு அவளைத் தூக்கி வந்தேன். அவளை நன்றாகத்தான் வளர்த்தேன். அது வேறு கணக்கு.

கூழோடு நீங்கள் வரும் வழியில் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. இங்கே ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்தச் சின்ன உயிர் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறது.

துண்டைத் துவைக்கவில்லை. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். அவரிடம் நேற்றுத்தான் சொன்னேன். இன்னும் அவர் என்னோடு பேசவில்லை. போலீஸுக்குப் போக வேண்டும் என்றால் ஒரு வார்த்தை சொல், நானே வருகிறேன்.

சரசு

*

திருவண்ணாமலை
24.9.2025

அண்ணிக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். சனிக்கிழமை எழுத முடியவில்லை. மூன்று நாள் வேலைக்கும் போகவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. ஏழு மாதம். உங்கள் வீட்டு வாசலில் என்னை நிற்கவைத்துக் கேட்டீர்களே, "எந்தம்பிய ஏண்டி அடிச்ச"ன்னு. தெரிந்துகொண்டே கேட்டீர்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை நாளாக நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மெயினை இறக்காமல் ஒயரில் கை வைத்துவிட்டீர்களே, பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வரவில்லையா என்று செத்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மறக்கவில்லை. இறக்கினார், கட்டினார், எல்லாம் சரியாகச் செய்தார். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

போலீஸ் பற்றி நான் இப்போது எதுவும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். வரும் சனிக்கிழமை நீங்களே பாப்பாவைக் கூட்டி வாருங்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறது. அதை நான் சொல்லக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வினோதினி

*

திருவண்ணாமலை
29.9.2025, திங்கட்கிழமை

அண்ணிக்கு,

பை என்னிடமே இருக்கிறது, அதனால் இதையும் தபாலில்தான் போடுகிறேன்.

நீங்கள் வந்தீர்கள். வர மாட்டீர்கள் என்று நினைத்தேன். பாயில் உட்கார்ந்து, அவளைப் பார்த்து, "கரண்ட அத்தைதான்டா போட்டேன், அப்பா அங்க இருந்தது தெரியாம போட்டுட்டேன்" என்று சொன்னீர்கள். அவள் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள். அண்ணன் பின்னால் ஓடினார். பஸ் ஏறிவிட்டீர்கள் என்று பிறகு போனில் சொன்னார். அவள் உங்களை வெறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போனதும் அவள் கூடையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். அப்பா பொம்மையைத் தட்டினாள். பிறகு குச்சியை என்னிடம் கொடுத்தாள். "அம்மா, நீ அடி." மேடத்தைப் பார்த்தேன், அவர் தலையை அசைத்தார். மெதுவாகத் தட்டினேன். "எழுந்திருப்பா" என்று பாப்பா பொம்மையிடம் சொன்னாள். பிறகு, "அம்மா ஒத்தையா அடிச்சா வராது" என்றாள். நான் கொண்டுபோன அந்தத் துண்டை அங்கேதான் மடித்து வைத்திருந்தேன். அதை எடுத்துப் பொம்மைக்குப் போர்த்திவிட்டு, குச்சியைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

"அத்த எங்க? அத்தையும் அடிக்கணும். எல்லாரும் அடிச்சா கரண்டு வுட்டுடும்."

படிக்கட்டு வரைக்கும் போய்த் தேடினாள். நீங்கள் இல்லை. அப்பா எழுந்துகொள்ள மாட்டார் என்று அவளை மடியில் வைத்துச் சொன்னேன். எத்தனை பேர் அடித்தாலும் எழுந்துகொள்ள மாட்டார் என்று சொன்னேன். அப்போதுதான் அழுதாள் அண்ணி. பிப்ரவரிக்குப் பிறகு இப்போதுதான் அவள் அப்பாவுக்காக அழுகிறாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாளாக என்னோடுதான் இருக்கிறாள். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கும் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இரண்டு பேரும் வெளியே போய் நின்றுவிட்டு, சட்னி அரைந்ததும் உள்ளே வருகிறோம். தோசை ஒன்றரைதான் சாப்பிடுகிறாள்.

எனக்கு உங்கள்மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. எப்போது குறையும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குச்சியைக் கூடையில் போட விடமாட்டேன் என்கிறாள். அத்தை வந்தால் கொடுக்க வேண்டுமாம், பையில் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.

வினோ